ஊசியின் மீது விழுந்த பழி

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், பொழுது புலருமுன் நடிகர் விவேக் மறைந்தார். அகவை 59. இன்னும் இருபது ஆண்டுகள் நம்மைச் சிரிக்க வைத்திருக்க வேண்டியவர். அறுபதைக்கூட எட்டாமல் போய்விட்டார். கிண்டி முதல் தாம்பரம் வரை, தண்டவாளத்தின் இருமருங்கிலும் உள்ள ஊர்களில், அன்று அவரைப் பற்றிப் பேசாத தேநீர்க் கடை இல்லை. வீட்டில் ஒருவரை இழந்தவர் போல நாமும் வாடி நின்றோம்.

ஏன் அந்த வாட்டம்? திரையில் சிரிக்க வைத்தோர் பலர் உண்டு. சிரித்து முடித்தபின், "ஆமாம், அவர் கேட்டது சரிதானே?" என்று நம்மைக் கேட்க வைத்தோர் சிலரே. உள்ளே இத்தனை உறுப்புகள் இருந்தும் ஓடாத லாரி, முகப்பிலே கட்டிய எலுமிச்சம்பழத்தாலா ஓடிவிடும் என்று அவர் கேட்ட காட்சியை நாம் மறப்போமா? அதைக் கண்டு வெளியே வந்தால், ஜி.எஸ்.டி. சாலையில் செங்கற்பட்டு நோக்கி விரையும் லாரிகள்! ஒவ்வொன்றின் நெற்றியிலும் எலுமிச்சை, மிளகாய்! நாம் சிரித்தோம், நம்மோடு லாரி ஓட்டுநர் சிலரும் சிரித்தனர். நூறு மேடைப் பேச்சு செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது.

தலைமைச் செயலகத்தில் பணியாற்றிய இளைஞர், இயக்குநர் கே. பாலசந்தரின் 'மனதில் உறுதி வேண்டும்' படத்தின் வழியே 1987இல் திரைக்கு வந்தார். 2003இல் வெளிவந்த 'சாமி' படத்தில் அக்கிரகாரத்து மனிதராக நடித்து, சாதி ஆணவத்தை அந்த வேடத்தாலேயே குத்திக் காட்டினார். 2009இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மக்களோ அதற்கு முன்பே, 'சின்னக் கலைவாணர்' என்னும் பெரிய விருதை அளித்துவிட்டனர். மூத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் நெடுநாள் வாழ்ந்தாரில்லை. 1957இல் மறைந்தபோது அவருக்கு 48 அகவைதான். 1969 சனவரியில், நோயுற்ற உடலோடு வந்து அண்ணா திறந்து வைத்தது அந்தக் கலைவாணரின் சிலையைத்தான். நகைச்சுவையை நம் இயக்கம் எவ்வளவு உயரத்தில் வைத்தது என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

விவேக் தம்மை நாத்திகர் என்று கூறிக் கொண்டவர் அல்லர். ஏமாற்றுக்கும் அச்சத்துக்கும் எதிராகவே அவர் நகைத்தார். அத்தகையவர் சாவின் மீதே ஓர் அச்சம் குடியேறியதுதான் கொடுமை!

மறைவதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 15ஆம் நாள், ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் கொரோனா தடுப்பூசி போட்டுக் கொண்டார். மக்கள் அஞ்சாதிருக்கவேண்டும் என்றே எல்லோரும் காண வந்து போட்டுக் கொண்டார். மறுநாள் மாரடைப்பு. அதற்கு மறுநாள் மரணம். போதாதா, வதந்திக்கு? "ஊசி கொன்றது" என்ற பேச்சு கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிற்று.

எம் தெருவில் ஒரு மூதாட்டி. தடுப்பூசி முகாமுக்கு அழைக்கச் சென்றோம். "தம்பி, அந்தப் பிள்ளையே போட்டுக்கொண்டு போய்விட்டதே! நான் எம்மாத்திரம்?" என்றார்.

"அம்மா, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அந்தப் பழத்தைக் காக்கையா பழுக்க வைத்தது?" என்று கேட்டோம்.

அவர் பேசவில்லை. சிந்தித்தார். மறுவாரம் வந்தார்.

அவரது இதயத்தின் முதன்மையான குருதிக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் கூறினர். அத்தகைய குழாயின் சுவரில் கொழுப்பு ஓர் இரவில் படிவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கிறது; அதன்மேல் குருதி உறைகிறது; வழி அடைபடுகிறது. பழம் நெடுநாளாகப் பழுத்திருந்தது. காக்கை அன்று வந்து உட்கார்ந்தது. அவ்வளவே! நடுவண் அரசின் வல்லுநர் குழு ஆராய்ந்து, இறப்புக்குத் தடுப்பூசி காரணம் அன்று என 2021 அக்டோபரில் அறிவித்தது.

ஐயம் எழுப்பியது குற்றமா? அன்று! எந்த மருந்தையும் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஐயம் பகுத்தறிவின் பிள்ளை. ஆனால் விடை வரும்வரை காத்திராத ஐயம், வதந்தியின் பிள்ளை.

அதிலும், இந்தத் தென்புறத்தார்க்கா ஊசியிடம் அச்சம்? 1899இல் தோன்றிய கிண்டி கிங் ஆய்வகம் அம்மைத் தடுப்பு மருந்து செய்த இடம். 1948இல் அதே கிண்டியில் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் எழுந்தது. 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் 'சானடோரியம்' என்றே பெயர் பெற்ற ரயில் நிலையம் எம் தாம்பரத்தை ஒட்டி இருக்கிறது. "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று வேப்பிலை கட்டிக் காத்திருந்த காலத்தில் பெரியம்மை ஒழிந்ததா? ஊசி வந்தது, 1975க்குப் பின் இந்தியாவில் அந்நோய் இல்லை, 1980இல் உலகிலேயே இல்லை என அறிவித்தனர்.

வதந்திக்கு விலை உண்டு. எமக்குத் தெரிந்த ஆட்டோ ஓட்டுநர், "விவேக்குக்கு ஆனதைப் பார்த்தாயா?" என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனார். மே திங்களின் இரண்டாம் அலை அவரை வாரிச் சென்றது. ஊசி போட்டிருந்தால் உறுதியாகப் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை. ஒரு வாய்ப்பு இருந்தது, அதைப் பொய் பறித்தது என்கிறோம். விவேக்கின் நகைச்சுவையை வரிக்கு வரி ஒப்பிப்பவர் அவர்!

2022இல் விருகம்பாக்கத்தில் ஒரு சாலைக்கு விவேக்கின் பெயர் சூட்டப்பட்டது, மகிழ்ச்சி. அப்துல் கலாமின் வேண்டுகோளை ஏற்று, ஒரு கோடி மரம் என்ற இலக்கோடு தொடங்கி, 30 லட்சத்துக்கு மேல் நட்டுவிட்டுப் போனார். எஞ்சியவற்றை நடுவது நம் கடன். 2016 வர்தா புயலில் மரங்களை இழந்த நம் புறநகருக்கு அது கடனுக்கும் மேல். ஆனால் மரத்தோடு முடிவதன்று அவர் விட்டுச்சென்ற வேலை.

தோழர்களே! கலைஞனை நேசிப்பது வேறு. அவன் சாவைச் சுற்றிக் கட்டுக்கதை நெய்வது வேறு. அவர் கடைசியாக நமக்காகச் செய்தது, சட்டைக் கையை மடித்து ஊசிக்குத் தோள் கொடுத்தது. அந்த நற்செயலை அச்சமூட்டும் கதையாக்க யார் முயன்றாலும், அவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக் கேட்டது போல, சிரித்துக்கொண்டே கேளுங்கள்: "சான்று எங்கே?"