அது வேற ஆயில் சார்!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் இறங்கியாகிவிட்டது. வழியெல்லாம் பிரேக்கை மிதித்தபடியே வந்தவரின் காலுக்கடியில், திடீரென பெடல் பஞ்சுபோல உள்ளே போனது. முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, ஓரங்கட்டினார். மனைவியும் மகளும் மூச்சுவிடவில்லை.

ஒரு மணி நேரத்தில் பெடல் பழையபடி இறுகியது. “சரியாகிடுச்சு” என்றார். “மெக்கானிக் பார்க்காம நாங்க ஏற மாட்டோம்” என்றார் மனைவி.

ஷெட்டுக்கு இழுத்துப் போய் மூடியைத் திறந்தால், டீ டிகாக்‌ஷன் நிறம்.

“போன மாசம்தானே ஆயில் மாத்தினேன்?”

“அது இன்ஜின் ஆயில் சார். இது பிரேக் ஆயில்!”

ஆறு வருடமாக மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 230 டிகிரி வரை தாங்கும் புது டாட் 4 ஆயில், 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்தால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். மிதிக்கும் வேகமெல்லாம் ஆவிக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். சூடு ஆறினால் குமிழ் மறையும், ஆபத்து மறையாது.

“மிதிம்மா... அப்படியே பிடி... இப்ப விடு.” மகள் மிதிக்க, ஒவ்வொரு சக்கரமாக நிப்பிளைத் திறந்து மூடினார் மெக்கானிக். குழாயில் தெளிந்த ஆயில் வரும்வரை டேங்கில் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

“ஏபிஎஸ் வண்டி சார். டேங்க் காலியாகி அந்த யூனிட்டுக்குள்ள காத்து போயிட்டா, வெறும் மிதியில வெளிய வராது. ஸ்கேனர் மாட்டி வால்வை இயக்கணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க.”

இன்ஷூரன்ஸ் தேதி எழுதிய சீட்டில், அடுத்த வரியாக ‘பிரேக் ஆயில்’ என்று எழுதி டேஷ்போர்டில் ஒட்டினார் மனைவி.