நெஞ்சைப் பார்க்காதே, வயிற்றைப் பார்

பிரிவு உபசாரக் கூட்டத்தில் ஒரு டாக்டர் என்னைப் பாராட்டித்தான் பேசினார். "சார் காலத்தில் எக்ஸ்ரே எடுப்பது ஒரு வித்தை. இப்போது மெஷினே எல்லாம் பார்த்துக்கொள்கிறது" என்றார். சால்வையோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். சபையில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

மெஷின் எதைப் பார்த்துக்கொள்கிறது? வார்மரில் கிடக்கும் ஒரு கிலோ குழந்தைக்கு போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கே.வி. 60-ஐ ஒட்டி, எம்.ஏ.எஸ். 2-க்குள், கிரிட் கிடையாது. இதெல்லாம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாதது மூச்சு. அந்தக் குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை மூச்சு விடும். திணறினால் இன்னும் கூடும். இழுத்துப் பிடி என்று அதனிடம் சொல்ல முடியுமா? வெளிமூச்சில் எடுத்துவிட்டால் நுரையீரல் வெளுத்து, இதயம் பெருத்துத் தெரியும். டாக்டர் சந்தேகப்படுவார். மறுபடி ஒரு எக்ஸ்ரே.

எனக்குத் தொழில் பழக்கிய சீனியர் முதலில் சுவிட்சையே கையில் தரவில்லை. வார்மர் பக்கத்தில் நிற்கவைத்து, "நெஞ்சைப் பாக்காதடா, வயித்தைப் பாரு" என்பார். பச்சிளங்குழந்தை வயிற்றால் மூச்சு விடும். வயிறு எழும்பினால் உள்மூச்சு. திணறுகிற குழந்தைக்கு வயிறு எழும்பும்போது நெஞ்சு உள்ளே ஒடுங்கும். நெஞ்சை நம்பினால் தலைகீழாகத்தான் எடுப்பீர்கள்.

அடுத்த பாடம் சுவிட்ச். முதல் அழுத்தில் எக்ஸ்ரே டியூபின் ரோட்டார் சுழன்று தயாராகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரேயடியாக அழுத்தினால் நீங்கள் பார்த்த மூச்சு போய் வேறு மூச்சு வந்திருக்கும். பாதியில் பிடித்தபடி, தாளம் பிடிபட்டதும், வயிறு உச்சிக்கு வரும் நேரம் மீதியை அழுத்த வேண்டும். (ரொம்ப நேரம் பிடித்திருந்தால் டியூப் போய்விடும் என்று சர்வீஸ் இன்ஜினியர் திட்டுவார். அதுவும் நியாயம்தான்.) வீறிட்டு அழுகிற குழந்தை இதைவிடச் சுலபம்: ஒரு வீறலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆழமாக இழுக்கும், அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

ஃபிலிம் காலத்தில் டோஸ் கூடினால் படம் கறுத்து ஊருக்கே தெரிந்துவிடும். டிஜிட்டலில் கூடினால் படம் இன்னும் பளிச்சென்று வருகிறது, குறைந்தால்தான் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது. எனவே பையன்கள் எதற்கு வம்பு என்று கொஞ்சம் ஏற்றியே வைக்கிறார்கள். எவ்வளவு கதிர் பட்டது என்று படத்தோடு வரும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸைப் பார்ப்பவர் யார்? கதிர் விழும் பரப்பைக் குறுக்கும் கொலிமேட்டரும் அப்படியே. மார்புக்குக் கேட்டால் தாடை முதல் தொடை வரை திறந்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் வெட்டி அழகாக அனுப்புகிறார்கள். வெட்டியது படத்தைத்தான், கதிர் குழந்தையின் உடம்பில் இறங்கியாகிவிட்டது.

ஒரு மார்பு எக்ஸ்ரே பெரிய விஷயமில்லை. இயற்கையிலிருந்து நாம் சில நாளில் வாங்குகிற அளவுதான். சி.டி. வேறு. சிறுவயதில் சி.டி. எடுத்துக்கொண்டவர்களை வைத்து 2012-இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வு, டோஸ் ஏற ஏற ரத்தப் புற்றுநோயும் மூளைக்கட்டியும் சற்றே கூடுவதைக் காட்டியது. குறைமாதக் குழந்தைக்கோ எக்ஸ்ரேயே அடுத்தடுத்து வரும்: மூச்சுக்குழாயில் டியூப் போட்டால் ஒன்று, தொப்புள் கத்தீட்டர் போட்டால் ஒன்று. என் சட்டையில் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இருந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வந்தது. குழந்தைக்குப் பேட்ஜ் கிடையாது.

முன்பு வீணான ஃபிலிமுக்குக் காரணம் எழுதியாக வேண்டும். ஸ்டோர் கிளார்க் காசுக்காகத்தான் குடைந்தார், குழந்தைக்காக அல்ல. ஆனாலும் அவருக்குப் பயந்தே கை நிதானப்பட்டது. இப்போது பிடிக்காத படத்தை அழித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். அழித்த படங்களின் ரிஜெக்ட் கணக்கு எங்கே தம்பி என்று என் இடத்துக்கு வந்த பையனைக் கேட்டேன். "சாஃப்ட்வேர்ல இருக்கு சார், யாரும் தொறந்து பாக்கறதில்ல" என்றான்.