கன்ட்ரோல் போட்டாச்சா?

ஐந்தாறு விநாடியில் சர்க்கரை அளவைக் காட்டும் கருவி, தவறான அளவையும் அதே வேகத்தில்தான் காட்டும். திரையில் எண் தயங்குவதே இல்லை. ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் ஒரு முடிவு வெளியே போவதற்குள் இரண்டு மூன்று பேர் பார்த்துவிடுவார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் துணை சுகாதார நிலையங்களில் நோயாளியின் விரலுக்கும் அவருக்கான மாத்திரைக்கும் நடுவில் இருப்பது ஒரு நர்ஸும் ஒரு மீட்டரும்தான். அதனால் காலையில் போனதும் நான் கேட்கும் முதல் கேள்வி, “சிஸ்டர், கன்ட்ரோல் போட்டாச்சா?”

கன்ட்ரோல் என்பது இவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறது என்று முன்பே தெரிந்த திரவம். மீட்டர் காட்டும் எண், ஸ்டிரிப் டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் இருந்தால்தான் அன்றைய வேலை தொடங்கலாம். லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் தொழிற்சாலைகளில் பயன்பட்ட தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1950இல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாளுக்கு ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள் இருந்தும் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். புது லாட் ஸ்டிரிப் வந்தால் எல்லையும் மாறும். அதற்குப் புதுத் தாள் போட வேண்டும்.

எங்கள் பக்கம் கெடுப்பது பெரும்பாலும் வானிலைதான். பல ஸ்டிரிப்புகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் அதைவிட எவ்வளவோ சூடு. ஐப்பசி, கார்த்திகையில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரக்காற்று உள்ளே போகும். “ஐ.எல்.ஆர்.ல வெச்சுடட்டுமா சார்?” என்று கேட்பார்கள். அது தடுப்பூசிக்கு மட்டுமான குளிர்பெட்டி. மேலும், குளிரிலிருந்து எடுத்த ஸ்டிரிப்பில் வெளிக்காற்று பட்டதும் ஈரம் படியும். வெயில் படாத உள்ளறை அலமாரி, சுவரில் ஒரு வெப்பமானி, டப்பா மேல் பேனாவால் எழுதிய திறந்த தேதி: இவை போதும்.

அடுத்தது விரல். பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டிவிட்டு நேரே வருபவர் கையிலேயே சர்க்கரை ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் அது முழுதும் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். விரலைப் பிழியக் கூடாது. பிழிந்தால் திசுநீர் கலந்து, அதே விரலில் பார்க்கும் ஹீமோகுளோபின் குறைவாகத் தெரியும். ரத்தசோகை இல்லாதவருக்கும் இருப்பதாகப் பதிவாகும்.

எனக்கு மிகவும் கவனம் தேவைப்படுவது கர்ப்பிணிகளின் சோதனை. சென்னையின் டாக்டர் வி. சேஷையா வலியுறுத்திய ஒற்றைச் சோதனை முறைதான் அரசு வழிகாட்டுதலிலும் இருக்கிறது: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140க்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 என்ற 2013ஆம் ஆண்டுத் தரவிதி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீத விலகலை அனுமதிக்கிறது. உண்மையான 140ஐ மீட்டர் 119 என்று காட்டினாலும் 161 என்று காட்டினாலும் அது விதிக்கு உட்பட்டதுதான். அந்தப் பெண்ணுக்கு ரத்தசோகையும் இருந்தால், சிவப்பணு குறைவதால் பல மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டியே காட்டும். ஆகவே பதிவேட்டில் சர்க்கரைக்குப் பக்கத்திலேயே ஹீமோகுளோபினையும் எழுதச் சொல்கிறேன். 140ஐ ஒட்டி வரும் எண்ணைக் கண்டால் நரம்பில் ரத்தம் எடுத்து, ஃபுளோரைடு குழாயில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சாதாரணக் குழாயில் விட்டால் ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும்.

ஆய்வுக்கூடங்களுக்கு வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தர மதிப்பீடு இருக்கிறது. அளவு தெரியாத மாதிரி வரும். நாம் சோதித்து அனுப்பினால் மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு நடுவில் நம் இடம் எது என்று தெரிந்துவிடும். பதப்படுத்திய அத்தகைய மாதிரிகள் ஸ்டிரிப்புக்கு அவ்வளவாக ஒத்துவராது. துணை நிலையத்து மீட்டருக்கு நான் நம்புவது ஒப்பீட்டை: வெறும் வயிற்றில் வந்தவரிடம் ஒரே நேரத்தில் விரலிலும் நரம்பிலும் ரத்தம் எடுத்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சாப்பிட்ட பின் விரல் ரத்தத்தில் இயல்பாகவே சர்க்கரை கூடுதலாக இருக்கும் என்பதால்தான் வெறும் வயிறு.

மாதக்கணக்கில் ஒரு கன்ட்ரோல்கூடத் தவறாத பதிவேட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தவறிய எண்ணை எழுதியவரைத் திட்டிவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து எல்லா எண்களும் அழகாக வந்துவிடும். பிறகு அந்த நோட்டால் யாருக்கும் பயனில்லை. தவறினால் புது ஸ்டிரிப்பில் மறுபடி போட வேண்டும். அதுவும் தவறினால் மீட்டரை ஒதுக்கிவைத்து, தவறிய இரண்டு எண்களையும் எழுத வேண்டும். இதற்கெல்லாம் ஸ்டிரிப் செலவாகும். நோயாளிகளின் தலையை மட்டும் எண்ணி இன்டென்ட் போட்டால், கையிருப்பு குறையும்போது முதலில் நிற்பது கன்ட்ரோல்தான். அதற்கான ஸ்டிரிப்பையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். தரம் அந்த இன்டென்டிலேயே தொடங்குகிறது.