சகோதரன் நடக்கும் வழி



2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளியான ஓர் அரசு அறிவிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். திருமண மண்டபங்கள், மாநாட்டு அரங்குகள், விளையாட்டு மைதானங்கள் ஆகிய இடங்களில் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்று 1981-ஆம் ஆண்டின் மதுபான விதிகள் திருத்தப்பட்டிருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் திருமண மண்டபங்கள் நீக்கப்பட்டன. அரங்குகளும் மைதானங்களும் நீடித்தன. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, நகர வீதிகளிலேயே எல்லை குறித்து, அதற்குள் மதுக்குவளையோடு நடமாட இடமளித்தது.

"கண்ட இடத்தில் குடிப்பதைவிடக் குறித்த இடத்தில் குடிப்பது மேலல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். இது தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று. நம் மீமிசல் பக்கத்துச் சீமைக்கருவேலங்காட்டிலும் கடற்கரையிலும் உடைந்து கிடக்கும் புட்டிகள் வெறுங்காலோடு நடப்பவரையே முதலில் காயப்படுத்துகின்றன. ஒழுங்கு நல்லதே. ஆனால் அந்த எல்லைக்கோடு யாரை மனதில் வைத்து வரையப்படுகிறது என்பதை நாம் கேட்க வேண்டும்.

குடியை விட்டு நாற்பது நாட்களே ஆன ஒரு மனிதனை எண்ணிப் பாருங்கள். மதுக்கடை இருக்கும் தெருவை அவன் தவிர்க்கலாம்; சுற்றுவழியாக வீடு சேரலாம். தங்கையின் திருமணத்தை அவன் எப்படித் தவிர்ப்பான்? மகன் பந்து விளையாடும் மைதானத்தை எப்படிச் சுற்றிப் போவான்? தகப்பனாகவும் அண்ணனாகவும் அவன் வந்தே ஆகவேண்டிய இடத்தில் குவளை அவனுக்காகக் காத்திருந்தால், அந்த எல்லைக்கோடு குடிக்காதவருடைய வசதியைக் காக்கிறதேயன்றி அவனைக் காப்பதில்லை.

வழியே போகிறவரைக் கருதி இடத்தைத் தீர்மானிப்பது சட்டத்துக்கும் புதிதன்று. 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. சிறிய ஊர்களுக்கு அந்தத் தொலைவு பின்னர் குறைக்கப்பட்டாலும், அதன் நோக்கம் சாலையில் செல்லும் உயிர்களைக் காப்பதே. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வாழும் நமக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். வண்டி ஓட்டுகிறவனுக்குக் காட்டிய அந்தக் கரிசனையை, குடியிலிருந்து மீள முயல்கிறவனுக்கும் காட்டலாகாதா?

"கானா ஊர்க் கல்யாணத்தில் ஆண்டவரே திராட்சரசம் அருளினாரே" என்று நீங்கள் கேட்கலாம். மெய்தான், வேதம் அதை மறைக்கவில்லை, நானும் மறைக்கமாட்டேன். ஆனால் தண்ணீரை ரசமாக்கிய அந்த ஆண்டவரின் அப்போஸ்தலராகிய பவுல், ரோமர் 14-ஆம் அதிகாரத்தில் நமக்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறார். எனக்கு உரிமை உண்டா என்பதோடு அவர் நிறுத்திவிடவில்லை. என் உரிமையினால் பலவீனமான சகோதரன் இடறுவானா என்றும் கேட்கிறார். அவனுக்காகவும் கிறிஸ்து மரித்தார் என்பதே அதற்கு அவர் காட்டும் காரணம்.

இந்த அளவுகோலை அரசாங்கத்தின்மேல் வைக்குமுன் நம் சபையின்மேல் வைப்போம். ஆலயத்தில் திருமண ஆராதனை முடிந்தபின், மண்டபத்துக்குப் பின்புறம் நிற்கும் வேனில் நண்பர்களுக்கென்று என்ன வைக்கப்படுகிறது என்பதை நாம் அறியாதவர்களல்ல. அதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. "ஒரு நாள்தானே, மாப்பிள்ளை" என்ற ஒரு வார்த்தை போதும். ஒரு மனைவி நாற்பது நாட்கள் கண்ணீரோடு ஏறெடுத்த ஜெபத்தின் பலன் அந்த மாலையிலேயே கலைந்துபோகும்.

ஆகவே, இந்த ஆண்டு உங்கள் வீட்டில் திருமணமோ வேறு சுபகாரியமோ வருமானால், மீள முயலும் அந்த ஒருவரையும் மனதில் வைத்து விருந்தை ஒழுங்கு செய்யுங்கள். அவருக்கு அருகில் உட்காருங்கள், அவரோடு சாப்பிடுங்கள், வீடுவரை துணையாகச் செல்லுங்கள். அவர் அஞ்சாமல் வந்துபோகக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.

சகோதரனுடைய வழியில் இடறற்கல்லை வைக்காதபடி கர்த்தர் நம் கைகளைக் காப்பாராக. ஆமென்.