ஒரு பொறியில் பல குடித்தனம்

தீபாவளிக்குத் திருநெல்வேலி செல்ல விரும்புவோர் சிலர் விடியற்காலையில் மறைமலை நகரில் மின்சார இரயிலேறித் தாம்பரம் வந்து, முன்பதிவு மையத்தின்முன் வரிசையில் நிற்பர். அதே வேளையில் எழும்பூரிலும் ஒரு வரிசை நிற்கும். நெல்லை விரைவு வண்டியில் எஞ்சியிருப்பது ஒரே படுக்கை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊர்களிலும் இருவர் ஒரே நொடியில் அதனைக் கேட்கின்றனர். இருவருக்கும் அது கிடைத்துவிட்டால் இரவில் வண்டியில் பூசல் விளையும். ஒருவருக்கும் கிடைக்காவிட்டால் படுக்கை வெறுமையாகவே ஊர்போய்ச் சேரும். இவ்வழக்கைத் தீர்த்து வைப்பது, கண்ணுக்கு எட்டாத ஓர் அறையில் இருக்கும் கணிப்பொறி.

பலர் ஒரு கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் வசதி எளிதில் வந்ததன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெரும்பொறி நிறுவப்பெற்றது. அக்காலத்து மாணவர்கள் தம் கணக்கை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடைத்தாளுக்காகக் காத்திருப்பர். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி தவறியிருந்தாலும் விடைக்கு மாறாகப் பிழையறிக்கையே வந்துசேரும். அட்டையைத் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டியதுதான். பொறியின் நேரம் விலையுயர்ந்தது என்று அனைவரும் அறிந்திருந்தனர். மாணவனின் நேரத்தை யார் கணக்கிட்டனர்?

இக்குறையைப் போக்கும் வழியை அமெரிக்காவில் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பெர்னாண்டோ கோர்பட்டோ என்பார் முன்பே செய்து காட்டியிருந்தார். 1961 நவம்பரில் அவர் நான்கு தட்டச்சுக் கருவிகளை ஒரே கணிப்பொறியுடன் இணைத்தார். மனிதன் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்ததை எண்ணும் இடைவெளியில் பொறி பல்லாயிரம் கணக்குகளைச் செய்துவிடும். அவ்விடைவெளியை வீணாக்குவானேன்? சென்னையின் ஒண்டுக்குடித்தன வீடுகளில் குழாயடியில் ஒருவர் குடம் நிறைந்த பின்னரே அடுத்தவர் குடம் வைப்பார். இங்கோ, ஒவ்வொருவர் குடத்திலும் ஒரு சொம்பாக மாறிமாறித் தண்ணீர் விழுகிறது. மாற்றம் மிக விரைவாக நிகழ்வதால், குழாய் தமக்கே உரியது என்று ஒவ்வொருவரும் நினைக்கின்றனர்.

ஆயினும் முறை வகுத்தால் மட்டும் போதாது, சுவரும் வேண்டும். பின்னர் வந்த 7094 என்னும் பொறியில் நினைவகம் இரு கூடங்களாக அமைந்தது. ஒரு கூடம் வீட்டுக்காரரைப் போன்ற மேற்பார்வை நிரலுக்கு உரியது. மற்றதில் பயனர்களின் நிரல்கள் ஒவ்வொன்றாக வந்து தங்கிப் போயின. வீட்டுக்காரர் கூடத்தில் குடித்தனக்காரர் கால் வைக்காதவாறு பொறியே தடுத்தது.

அந்தச் சுவரிலும் ஒரு முறை ஓட்டை விழுந்தது. 1960களில் அவ்வமைப்பின் பொறுப்பாளர் இருவர் ஒரே வேளையில் வேலை செய்தனர். ஒருவர் எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பைத் திருத்தினார்; மற்றவர் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார். இருவருடைய தற்காலிகக் கோப்புகளுக்கும் எழுதுநிரல் ஒரே பெயரை இட்டுவிட்டது. விளைவு, பொறிக்குள் நுழைந்தோர் அனைவர் முன்னும் அறிவிப்புக்கு மாறாகக் கடவுச்சொற்கள் அச்சாகி வந்தன! திருடன் ஒருவனும் இல்லை. இருவர் ஒரே அலமாரியைத் திறந்ததே குற்றம். ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் யார், படிக்கத்தக்கவர் யார், திருத்தத்தக்கவர் யார் என்று எழுதி வைக்கும் வழக்கத்தை 1969இல் பிறந்த யூனிக்ஸ் உலகெங்கும் பரப்பியது.

இந்திய இரயில்வேயில் கணிப்பொறி முன்பதிவு 1985இல் தில்லியில் தொடங்கிப் பின்னர்ச் சென்னைக்கு வந்தது. வாக்ஸ் என்னும் பொறியைப் பல முனையங்கள் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொண்டன. தனித்தனியே இயங்கிய மையங்கள் 1999இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அன்றுமுதல் இன்றுவரை படுக்கை வழக்கின் தீர்ப்பு ஒன்றே: முதலில் வந்த கோரிக்கை அந்தப் படுக்கையின் ஏட்டைப் பூட்டிவிடும், எழுதி முடித்துப் பூட்டைத் திறக்கும்வரை மற்றது வாயிலில் நிற்கும். எழும்பூர்க்காரரின் கோரிக்கை இமைப்பொழுது முந்தியிருந்தால், மறைமலை நகரிலிருந்து வந்தவருக்கு அந்தப் படுக்கை கிடைக்காது.