கஜாவும் புதைவடமும் நான் சொன்ன ஒரு வார்த்தையும்



நேற்று ராத்திரி காற்று கொஞ்சம் பலமாக வீசியதுமே கரண்ட் போய்விட்டது. இருட்டில் தீப்பெட்டியைத் தடவும்போது கஜா ஞாபகம் வந்தது.

2018 நவம்பர் 16, விடியற்காலை. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. டெல்டா மாவட்டங்களில் விழுந்த மின்கம்பங்களே லட்சத்துக்கு மேல். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 24 நாள் ஆயிற்று. வாடகை ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர்த் தொட்டி நிரப்பினோம். அம்மாவின் இன்சுலினை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் பத்திரப்படுத்தினேன். கெட்டுவிடுமோ என்று தினமும் பயம்.

24-ம் நாள் எங்கள் தெருக் கம்பத்தில் ஏறியது என் பழைய மாணவன். எட்டாம் வகுப்பில் ஒருநாள் கோபத்தில், "நீ கம்பம் ஏறத்தான் லாயக்கு" என்று எல்லார் முன்பும் சொல்லியிருக்கிறேன். இறங்கியதும் அவன் கேட்டது, "சார், அம்மா நல்லா இருக்காங்களா?"

டீ கொடுத்துவிட்டு, "எல்லாக் கம்பியையும் பூமிக்குள்ள புதைச்சிட்டா என்னப்பா?" என்றேன்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, காத்தும் ஒரு மின்கடத்தாப் பொருள்னு. மேலே போறது வெறும் கம்பி, காத்தே அதுக்குக் காப்பு. மண்ணுக்குள்ள போட்டா நல்ல உறை வேணும், குழி தோண்டணும், செலவு பல மடங்கு. மேலே அறுந்தா கண்ணால பார்த்துடலாம். கீழே பழுதானா இடத்தைக் கண்டுபிடிச்சுத் தோண்டணும். இணைப்புல தண்ணி புகுந்தாலும் தொல்லைதான். ஆனா புயலுக்குச் சாயாது சார். அறுந்த கம்பிய மிதிச்சு யாரும் சாக மாட்டாங்க."

வகுப்பில் அவன் கவனிக்கவே இல்லை என்று நினைத்திருந்தேன்.

2011 தானே புயலுக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களுக்கு உலக வங்கிக் கடனுதவியில் புதைவடத் திட்டம் வந்தது. தோப்புக்கு நடுவே தள்ளித் தள்ளி வீடுகள் உள்ள நம் கிராமங்கள் முழுக்க அது இப்போதைக்கு நடக்காது. ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், புயல் பாதுகாப்பு மையம், இந்த மூன்றுக்கும் போகும் லைனையாவது முதலில் புதைக்கலாம். கிராம சபையில் கேளுங்கள். நானும் கேட்கப் போகிறேன்.

அதுவரை புயலடித்தால் யாரோ ஒரு பிள்ளை கம்பம் ஏறித்தான் ஆக வேண்டும்.

தம்பி, இதை நீயும் படிப்பாய். அன்று நான் சொன்னது தப்பு. பெல்ட் போடாமல் ஏறாதே.