முதல்ல தெர்மாமீட்டர், அப்புறம் மாத்திரை

எங்க அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சப்போ நான் செகண்ட் இயர் மெக்கானிக்கல். பாகூர்ல இருந்து பாண்டி பஸ் ஸ்டாண்டு, அங்கேர்ந்து கோரிமேடு ஜிப்மர்னு ரெண்டு பஸ் மாறிப் போவோம். முடி கொட்டும், வாந்தி வரும்னு ஊர்ல எல்லாரும் சொல்லியிருந்தாங்க. அதுக்கெல்லாம் அம்மா தயாராத்தான் இருந்தாங்க.

ரெண்டாவது கீமோவுக்கு அப்புறம் ரத்தத்துல வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைஞ்சிடுச்சு. அதனால மூணாவது கீமோ முடிஞ்ச மறுநாள்லேர்ந்து, தினம் ஒண்ணுன்னு அஞ்சு ஃபில்கிராஸ்டிம் ஊசி எழுதிக் கொடுத்தாங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், உறையக் கூடாது. எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் இல்ல. எதிர் வீட்டு அத்தை ஃப்ரிட்ஜ்ல மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்துல இடம் கிடைச்சுது. தெருவுல இருக்குற நர்ஸ் அக்கா சாயங்காலம் வந்து போட்டுட்டுப் போவாங்க.

மூணாவது நாள் ராத்திரி அம்மா தூங்கலை. இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு எல்லாம் உள்ளேர்ந்து இடிக்குதுன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா கேட்டாங்க: "தம்பி, எலும்புக்குப் பரவிடுச்சா? மறைக்காம சொல்லுடா."

எனக்குப் பதில் தெரியலை. "நாளைக்கு ஊசி வேணாம்"னு அவங்களே முடிவும் பண்ணிட்டாங்க.

விடிஞ்சதும் நர்ஸ் அக்காகிட்ட ஓடினேன். "டப்பாவுக்குள்ள மடிச்சு வெச்சிருந்த தாளைப் படிச்சியா?"ன்னு கேட்டாங்க. லேப்ல மோட்டார் மேனுவல் படிக்கிற நான் அதைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை.

விஷயம் இதுதான். வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில உருவாகுது. ஊசி அந்த மஜ்ஜையை ஓவர்டைம் பார்க்க வைக்குது. இடுப்பு, முதுகெலும்பு, நெஞ்செலும்புல எல்லாம் அந்த மஜ்ஜை அதிகம். அதனாலதான் அங்க வலி. ஊசி முடிஞ்சா வலியும் அடங்கிடும்.

டாக்டருக்குப் போன் பண்ணினோம். ஊசியை நிறுத்தக் கூடாது, வலிக்குப் பாரசிட்டமால் போடலாம்னாங்க. ஆனா முதல்ல காய்ச்சல் பார்க்கணும். மாத்திரை காய்ச்சலை மறைச்சிடும். 100.4 டிகிரி தாண்டினா நடுராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துடணும், ஏன்னா அணுக்கள் குறைவா இருக்குறப்போ கிருமித் தொற்று சில மணி நேரத்துலேயே உயிருக்கு ஆபத்தாயிடும். கடையில வேற வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடவும் கூடாது.

மறுநாள் ராத்திரி அம்மா மாத்திரை கேட்டாங்க. "இரும்மா"ன்னு தெர்மாமீட்டர் வெச்சேன். 101.

பக்கத்துத் தெரு அண்ணன் ஆட்டோவுல கோரிமேடு போய்ச் சேர்ந்தப்போ மணி 1. உடனே ஆன்டிபயாடிக் ஏத்தினாங்க. நாலு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தோம். முதல்ல மாத்திரையைக் கொடுத்திருந்தா காய்ச்சல் தெரிஞ்சிருக்காது, காலையில பார்த்துக்கலாம்னு நானும் தூங்கியிருப்பேன்.

அடுத்த கீமோவுக்கும் ஊசி போட்டாங்க, அதே வலி வந்துச்சு. இந்தத் தடவை அம்மா பயப்படலை. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே, "மஜ்ஜை வேலைக்கு வந்துடுச்சுடா"ன்னு சொல்லிட்டு, அவங்களே தெர்மாமீட்டரை எடுத்தாங்க.

உங்க வீட்லயும் யாருக்காவது இந்த ஊசி எழுதியிருந்தா, அந்தத் தாளை முதல் நாளே பிரிச்சுப் படிச்சுடுங்க.